குடிநோய்க்கு மருத்துவம் கேட்போம்

விசைத்தறிப் பட்டறைகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நாளன்று, பள்ளிபாளையத்து மதுக்கடைகளில் கூட்டம் நெரிகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: "இந்த ஜனம் திருந்தாது." அருந்ததியர் தெருக்களைப் பற்றியென்றால் அந்தப் பேச்சு இன்னும் சுலபமாக வாயில் வருகிறது. மற்ற தெருவில் ஒருவர் குடித்தால் அது அவருடைய கெட்ட பழக்கம். நம் தெருவில் ஒருவர் குடித்தால் அது சாதியின் குணமாகிவிடுகிறது. இந்தப் பேச்சை நாம் ஏற்க முடியாது. அதற்காக, நம் வீடுகளைக் குடி அரித்துக்கொண்டிருப்பதை மூடி மறைக்கவும் முடியாது.

இழவு வீட்டில் பறையடிக்கப் போனவருக்குக் கூலியோடு சாராயமும் சேர்த்துக் கொடுத்தவர்கள் யார்? சாக்கடைக் குழியில் இறங்குமுன், நாற்றம் தெரியாமல் இருக்க ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தவர்கள் யார்? தேர்தல் வந்தால் முதலில் நம் தெருமுனைக்குப் பாட்டில் அனுப்புகிறவர்கள் யார்? அவர்களே பிறகு நம்மைக் குடிகாரர்கள் என்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்று வரும் உடம்புக்கு வலி பொய்யல்ல. அந்த வலிக்கு ஓய்வும் மருந்தும் கிடைக்காத ஊரில் மதுக்கடை மட்டும் பக்கத்திலேயே கிடைக்கிறது.

தலித் இயக்கம் குடியை எதிர்த்தது இன்று நேற்றல்ல. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்த ஒழுக்கத்தை முன்வைத்துக் குடியை மறுத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நடத்திய மகளிர் மாநாடும் அந்த வழியில் வந்ததே.

மதுவிலக்கு நம் மண்ணுக்கும் புதிதல்ல. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதராஸ் மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது அதற்குள் இருந்தன. வருமான இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003 முதல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. 2024-25இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் 48,000 கோடி ரூபாய்.

கடையை மூடு என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் கடையை மூடிய மறுநாள் கை நடுங்கி நிற்கிறவரை என்ன செய்வது என்று எவரும் சொல்வதில்லை. கடை மூடினாலும் சாராயம் தேடிப் போகிறவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். செத்தபின் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அவர்கள் உயிரோடு இருந்தபோது குடியிலிருந்து மீட்க எவ்வளவு செலவிட்டோம்?

குடிக்கு அடிமையாவது ஒரு நோய். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஒரே நாளில் நடுக்கம் தொடங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் ஏற்பட்டு உயிரே போகலாம். ஆகவே கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கி வீட்டுக்குள் பூட்டி வைப்பது ஆபத்து. சோற்றில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுப்பது அதைவிட ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினால் இந்த ஆபத்தைக் கடக்கலாம். சில மாதம் நிறுத்தியவர் மறுபடி குடித்தால் "அவ்வளவுதான்" என்று கைவிடுகிறோம். சர்க்கரை மறுபடி ஏறிய நோயாளியை அப்படியா கைவிடுகிறோம்?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற விளக்கத்துக்குள் கொண்டுவந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு இலவசச் சிகிச்சை அந்தச் சட்டப்படி உரிமை. நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம். ஆனால் 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. 2025இல் தமிழக அரசு 25 இடங்களில் 'கலங்கரை' மீட்பு மையங்களைத் திறந்தது நல்ல தொடக்கம். பள்ளிபாளையத்துத் தறித்தொழிலாளிக்கு இது போதாது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். படுக்கையில் சேர்ந்தால் முன்பணம் கொடுத்த முதலாளி கேள்வி கேட்பார்.

அதனால் சிகிச்சை தெருவுக்கு வரவேண்டும். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, மஞ்சக்குடி கிராமத்தில் ஊர்க்காரர்களையே சேர்த்துக்கொண்டு மீட்பு முகாம்கள் நடத்திக் காட்டியது. அதே முறையில் பள்ளிபாளையத்திலும் முகாம் வேண்டும். பட்டறை விடுமுறை நாளில் மனநல மருத்துவர் வரவேண்டும். சிகிச்சை நாட்களுக்கு உதவித்தொகை வேண்டும். குடியை விட்டு மீண்டவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தித் துணைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சொன்னால் நம் ஆட்கள் கேட்பார்கள்.

கடனையும் இதோடு சேர்த்தே பேசவேண்டும். 2025 ஜூலையில் நம் ஊர் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது. விசாரிக்கச் சிறப்புக் குழு அமைக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தக் குடும்பங்களை உடம்பை விற்கும் இடத்துக்குத் தள்ளியது கடன். முன்பணத்தாலும் வாரத் தவணையாலும் கழுத்து நெரியும் மனிதரிடம் குடிக்காதே என்று சொல்வது மட்டும் போதாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா குடிப்பது உங்கள் தவறல்ல. அதற்காகப் பள்ளியில் தலைகுனிய வேண்டாம். படிப்பையும் விட வேண்டாம். 14416 என்ற மனநல உதவி எண்ணையும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். இரண்டையும் புத்தக அட்டையில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

அடுத்த கிராமசபைக்கும் வார்டு கூட்டத்துக்கும் போகும்போது, சாலை, குடிநீரோடு குடிநோய்ச் சிகிச்சையையும் மனுவில் சேர்ப்போம். குடித்தவர் பெயரைச் சொல்லி நம்மைத் தலைகுனிய வைத்தது போதும். அவர் நம் வீட்டு ஆள். அவரைப் பிழைக்க வைக்கும் உரிமையைக் கேட்டு வாங்குவோம்.