மியாட்டா அண்ணன்

"1991 மாடல் காரை எவனாவது வாங்குவானா?"ன்னு கேக்குற மக்களே, ஒரு தடவை மஸ்தா மியாட்டாவை ஓட்டிட்டு வந்து பேசுங்க. அமெரிக்காவுல நான் வச்சிருக்கற இந்த வண்டி என்னை விட மூத்தது, அண்ணன்னு தான் கூப்பிடணும் :)

1.6 லிட்டர் இஞ்சின், வெறும் 116 குதிரைசக்தி. இன்னிக்கு சாதா குடும்பக் காருக்கே இதை விட அதிகம். ஆனா எடை ஒரு டன்னுக்கும் கம்மி. அதனால 40 மைல் வேகத்துல ஒரு வளைவுல திரும்பினாலே பறக்கற மாதிரி இருக்கும். புது ஸ்போர்ட்ஸ் கார்ல இந்த சுகம் வேணும்னா நூறைத் தாண்டணும், பின்னாடியே போலீஸும் வருவார். டைமிங் பெல்ட் அறுந்தாக்கூட உள்ள வால்வும் பிஸ்டனும் முட்டிக்காது. புது பெல்ட் போட்டா கிளம்பிடும்.

ஏர்பேக் டிரைவருக்கு மட்டும் தான், அது கொஞ்சம் உதைக்குது. சீட்டும் ரெண்டே ரெண்டு. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா வாடகைக் கார் எடுத்துக்கறேன், இதை மட்டும் விக்கச் சொல்லாதீங்கப்பா!