மவுண்ட் ரோடு யாருக்குச் சொந்தம்?

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் தூரத்துக்கு மாடிச் சாலை ஒன்று கட்டுவதற்கென 2024-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அஸ்திவாரம் இடப்பட்டது. இதற்கு மதிப்பிட்ட செலவு ரூ. 621 கோடி. வாகன நெரிசலால் நாள்தோறும் அவதியுறும் நகரவாசிகள் பலர் இதனை வரவேற்றிருக்கின்றனர். அவர்கள் வரவேற்றதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் இச்சாலையின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், செலவையும் நெரிசலையும் காட்டிலும் பெரிதான கேள்வி ஒன்று நம்முன் எழுகின்றது. இந்த வீதி யாருக்காக ஏற்பட்டது? இன்று யாருக்காக இருக்கின்றது? இக்கேள்வியையே இன்று நமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பெயரிலேயே அதன் பிறப்பு விளங்கும். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் பரங்கிமலைக்கும் இடையே சென்ற பாதையாதலின் அது மவுண்ட் ரோடு எனப்பட்டது. பரங்கிமலைக்கு யாத்திரை சென்ற கிறிஸ்தவர்கள் நடந்த வழி அது. இடையிலே அடையாறு குறுக்கிட்டது. அந்த ஆற்றின் மேல் 1726-ம் வருஷத்தில் பாலம் கட்டிவைத்தவர் கம்பெனி துரையும் அல்லர், நவாபும் அல்லர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வர்த்தகர் தமது கைப்பொருளைச் செலவிட்டு அதைக் கட்டினார். கட்டியதோடு நில்லாமல், அதன் பராமரிப்புக்கென்று தனியே பொருளும் ஒதுக்கி வைத்தார். மலைமேல் ஏறுவோருக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. அந்தப் பாலம் இன்று இல்லை. 1966-ல் அவ்விடத்தில் எழுந்த புதிய பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர் சூட்டப்பட்டது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டைக் கோடியில் எஞ்சி நிற்கின்றது. நடந்து செல்லும் ஏழை யாத்ரீகனுடைய காலை நினைத்து அந்நிய தேசத்தான் ஒருவன் செய்த தர்மம் அது. இச்சாலையின் முதல் பெருங்கொடை பாதசாரிக்கே வழங்கப்பட்டது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

பின்னர் வந்த கதை வேறு. 1769-ல் ஹைதர் அலி பரங்கிமலை வரை படையுடன் வந்து, கோட்டையிலிருந்தோரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தான். அந்த அச்சமெல்லாம் தணிந்த பிறகு, கம்பெனி உத்தியோகஸ்தர்களும் வர்த்தகர்களும் கோட்டை மதிலை விட்டு வெளியேறி, சாலையின் இருமருங்கிலும் விசாலமான தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டனர். யாத்ரீகர் பாதை துரைகளின் ராஜபாட்டையாயிற்று. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்ததையும் அதற்கு முந்திய பிளாசி வெற்றியையும் கொண்டாடுவதற்கென்றே, கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் 1802-ல் விருந்து மண்டபம் ஒன்று எழுந்தது. தீவுத்திடலிலே குதிரைமீது மன்றோ அமர்ந்தார். 1844-ல் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலையும், 1849-ல் தோன்றிய பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடையும், 1860-களில் தோன்றிய ஸ்பென்ஸர் கம்பெனியும் சீமைச் சரக்குக்கும் சீமை நாகரிகத்துக்கும் வாயில்களாக விளங்கின. அருகிலிருந்த மதறாஸ் கிளப்பில் இந்தியர் அங்கத்தினராக இடமில்லை. வெள்ளையரும் இந்தியரும் கலந்து பழகவென 1873-ல் இவ்வீதியிலேயே காஸ்மாபாலிடன் கிளப் ஏற்பட்டது என்றால், அதற்கு முன் நிலைமை எவ்வாறிருந்தது என்பதை விளக்க வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இந்த வீதியில் தமிழ் மக்களின் சுயமரியாதையை மிகவும் புண்படுத்திய பொருள் ஒன்று இருந்தது. அது கர்னல் நீல் என்பவனுடைய சிலை. 1857-ல் வடநாட்டில் எழுந்த பெரும் புரட்சியை அடக்கச் சென்ற மதறாஸ் பட்டாளத்தின் தலைவன் அவன். காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் அவன் நடத்திய கொடுமைகளும், விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமின்றி மனிதர்களைத் தூக்கிலிட்டதும் சரித்திரத்தில் அழியாத கறைகள். அவ்வருஷமே லக்ஷ்மணபுரியில் அவன் மாண்டான். அத்தகையவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை நாட்டி, நமது ஜனங்கள் அதைத் தினந்தோறும் அண்ணாந்து பார்த்துச் செல்லும்படி வைத்தனர் ஆட்சியாளர்.

1927-ல் சோமயாஜுலு முதலிய தேசபக்தர்கள் அச்சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் தொடங்கினர். தொண்டர்கள் கையில் சுத்தியலும் கோடரியுமாகச் சென்று சிலைமீது ஓங்கினர். பின்னர் அமைதியாகக் கைதாகிச் சிறை புகுந்தனர். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு பெண்ணுடன் சிறை சென்றார். அவ்வருஷம் சென்னைக்கு வந்திருந்த காந்தியடிகள் தொண்டர்களைச் சந்தித்து, போராட்டம் அஹிம்சை நெறியினின்று வழுவலாகாது என்று அறிவுறுத்தினார். சிலையை அகற்றும் தீர்மானம் அந்நாளைய சட்டசபையில் தோற்றது. ஆயினும் பத்து வருஷங்கள் கழித்து, 1937-ல், ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரி சபை அமைந்தபோது சிலை வீதியை விட்டு அகன்றது. முடிவில் அது எழும்பூர் அருங்காட்சிசாலையை அடைந்தது.

இந்த முடிவில் அடங்கிய விவேகத்தைக் கவனிக்க வேண்டும். ஜனங்கள் அச்சிலையை வீதியில் உடைத்தெறியவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த கௌரவத்தை மட்டும் பறித்துக்கொண்டனர். மரியாதைக்குரிய இடத்திலிருந்து இறக்கி, சரித்திரத்துக்குரிய இடத்தில் வைத்தனர். திப்புவின் வீழ்ச்சியைக் கொண்டாடிய மண்டபத்துக்கு நேர்ந்ததும் இதுவே. சுதந்திரத்துக்குப் பின் அது ராஜாஜி மண்டபம் ஆயிற்று. 1969-ல் அண்ணாதுரைக்கும், 1972-ல் ராஜாஜிக்கும், 1975-ல் காமராஜருக்கும், பின்னர் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோருக்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் கண்ணீர் சிந்தி விடைகொடுத்த இடம் அதுவே. அந்நியனுடைய வெற்றி மண்டபத்தை இடிக்காமல், நமது துக்கத்தாலேயே நமதாக்கிக்கொண்டோம். ஒரு தேசம் தன் வீதியை மீட்டுக்கொள்ளும் முறைகளில் இதனினும் மேலானது உண்டோ?

வீதியின் பிற பாகங்களும் அவ்வாறே கைம்மாறின. 1913-ல் எலெக்ட்ரிக் தியேட்டர் ஏற்பட்டது முதல் சினிமாக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஏழையும் நாலணாக் கொடுத்து ராஜபாட்டையில் உட்கார்ந்து மகிழ இடம் செய்தன. ஹிந்து பத்திரிகை இவ்வீதியின் பெயராலேயே ‘மவுண்ட் ரோடு மகா விஷ்ணு’ என அழைக்கப்பட்டது. 1959-ல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம், கிராமத்திலிருந்து வந்தோர் கழுத்து நோவ அண்ணாந்து பார்த்த அதிசயமாயிற்று. 1968-ல் அண்ணாதுரையின் சிலை நிறுவப்பட்டது. அவர் மறைந்த பின்னர் சாலையே அவர் பெயரைப் பெற்றது. கவர்னர் மாளிகை இருந்த தோட்டத்தில் சட்டசபைக்கென 2010-ல் திறக்கப்பட்ட கட்டடம், 2014-ல் சர்க்கார் ஆஸ்பத்திரியாக மாறியது. அம்மாற்றத்தைப் பற்றிய கட்சிச் சண்டையில் நாம் இறங்க விரும்பவில்லை. கவர்னர் வாழ்ந்த இடத்தில் ஏழை நோயாளி படுக்கை பெற்றான் என்ற அளவில் நமக்குத் திருப்தியே.

ஆக, பெயர் மாறியது, சிலைகள் மாறின, கட்டடங்களின் சொந்தக்காரர்கள் மாறினர். மாறாதது எது? சாலையின் தரையே மாறாதது. துரையின் கோச்சு வண்டி நடுவே பாய, சாமானியன் ஓரத்தில் ஒதுங்கி நின்ற காட்சி, கோச்சுக்குப் பதில் மோட்டார் என்ற வித்தியாசத்துடன் இன்றும் தொடர்கின்றது. 1973-ல் ஜெமினி ஸ்டூடியோ அருகே நகரின் முதல் மேம்பாலம் எழுந்தது. அன்றுமுதல் இச்சாலையைப் பற்றிய யோசனையெல்லாம் வாகனத்தின் வேகத்தைப் பற்றியதாகவே இருந்து வருகின்றது. பாதசாரி சாலையைக் கடக்க வேண்டுமாயின் சுரங்கத்தில் இறங்கி ஏறவேண்டும். நடைபாதையோ ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை. உள்ள இடத்திலும் மின்பெட்டியும் நிறுத்திய வண்டியும் வழி மறிக்கும். கைத்தடி ஊன்றிய முதியவரும் குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும் ஸ்பென்ஸர் வாயிலிலிருந்து எதிர்ப்புறம் செல்ல முயல்வதை நமது மந்திரிமார் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

மாடிச் சாலையை ஆதரிப்போர் கூறும் வாதத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வண்டி நெரிசலில் சிக்குவதும், வேலைக்குச் செல்வோர் பொழுது வீணாவதும் உண்மையே. ஆனால் இச்சாலையின் அடியில் பெரும் பொருட்செலவில் மெட்ரோ ரயில் போடப்பட்டிருக்கிறது. 2018-லும் 2019-லும் அது ஓடத் தொடங்கியது. அந்தக் குகை தோண்டிய காலத்தில், 2017 ஏப்ரலில், சாலை பிளந்து பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கியதை நகரம் மறந்திராது. இத்தனை சிரமமும் எதற்காக? ஜனங்கள் சொந்த வாகனத்தை விட்டு ரயிலில் ஏறவேண்டும் என்பதற்காக அன்றோ? ரயில் நிலையத்தை விட்டு வெளிவரும் பிரயாணி நடந்தே வீடும் காரியாலயமும் சேரவேண்டும். கீழே ரயிலுக்கும் மேலே மோட்டாருக்கும் கோடிக்கணக்கில் செலவிட்டு, நடுவே நடப்பவனுக்கு வழியில்லாமல் விட்டால், கீழே செய்த செலவின் பயனை மேலே செய்யும் செலவு அழிப்பதாக முடியும்.

வழி தெரியாமல் இந்நிலை நீடிக்கின்றது என்று சொல்வதற்கில்லை. பாதசாரிக்கும் சைக்கிள்காரனுக்கும் முதலிடம் என்ற கொள்கையை 2014-ல் சென்னை நகரசபையே ஏற்றுக்கொண்டது. 2019-ல் தியாகராயநகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதையை அமைத்துக் காட்டியதும் அதே நகரசபைதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆதலின் நாம் சர்க்காருக்கும் நகரசபைக்கும் கூறுவது இது. முதலாவது, தீவுத்திடல் தொடங்கிக் கத்திப்பாரா வரையில் இருபுறமும் இடையறாத நடைபாதையும், தரைமட்டத்திலேயே அச்சமின்றிக் கடக்க இடங்களும், நிழல் மரங்களும் அமைப்பது மாடிச் சாலைப் பணியின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். மீந்த பணத்தில் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைக்கப்படலாகாது. இரண்டாவது, எஞ்சியுள்ள பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும். 1897-ல் எழுந்த பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது, பொதுஜன நன்மை கருதிச் சிலர் ஹைக்கோர்ட்டுக்குச் சென்றதாலேயே இடிப்பு நின்றது. ஒவ்வொரு முறையும் கோர்ட்டுப் படியேறித்தான் நமது சரித்திரத்தைக் காக்க வேண்டுமா? மூன்றாவது, உஸ்கானின் கல்லும், நீல் சிலை நின்ற இடமும் வழிப்போக்கன் கண்ணில் படும்படி குறிக்கப்பட வேண்டும். ஒன்று தர்மத்துக்கு அடையாளம். மற்றொன்று தியாகத்துக்கு அடையாளம்.

1927-ல் சுத்தியலேந்திய தொண்டர்கள் கேட்டது ஒரு சிலையின் அப்புறத்தை மட்டுமன்று. இந்த வீதி எங்களுடையது, இதில் நாங்கள் தலைநிமிர்ந்து நடப்போம் என்பதே அவர்கள் கோரிக்கையின் உட்பொருள். தலைநிமிர்ந்து நடக்கும் உரிமை கிடைத்தது. நடப்பதற்கு இடம் இன்னும் கிடைக்கவில்லை. முந்நூறு வருஷங்களுக்கு முன் ஒரு வர்த்தகன் தன் சொந்தப் பொருளால் பாதசாரிக்குச் செய்ததை, ஜனங்களின் வரிப்பணத்தால் ஜனங்களின் சர்க்கார் செய்யலாகாதா?