குஞ்சுக்கு வேண்டியது வெளிச்சமா, சூடா?

நாட்டுக்கோழிக்கு நல்ல விலை கிடைக்கிறதே என்று, வீட்டிலிருக்கும் பெண்கள் பலரும் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை ஐம்பது, நூறு என்று வாங்கி வளர்க்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால், குஞ்சு விற்பவர்கள் தீவனம், சொட்டு மருந்து பற்றியெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, சூடு கொடுப்பதை மட்டும், 'ஒரு பல்பைத் தொங்க விடுங்கம்மா, போதும்' என்று ஒரே வரியில் முடித்து விடுகின்றனர். அந்த ஒரு வரியை நம்பித்தான் பல வீடுகளில் குஞ்சு சாகிறது. கொட்டகையில் தீப்பிடிக்கவும் வழி ஏற்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

எந்த பல்பு என்று யாராவது சொல்கிறார்களா? முன்பெல்லாம் பல்பு என்றால் குண்டு பல்பு. அது இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும். இப்போது கடையில் பல்பு கேட்டால் எல்.இ.டி.யைத்தான் எடுத்து நீட்டுகின்றனர். அட்டையில், '60 வாட்ஸ் பல்புக்குச் சமம்' என்று போட்டிருக்கும். சமம் என்பது வெளிச்சத்தில் மட்டும்தான், சூட்டில் இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பை மாட்டி, 'பளிச்சுனு இருக்குதே' என்று நம்பிப் படுத்து விட்டார். மார்கழிக் குளிர். விடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, நசுங்கிச் செத்துக் கிடந்தன. சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியவை. பணம் போனதைக் கூட அவர் தாங்கிக் கொண்டார். 'உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?' என்று வீட்டில் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பின் அவர் குஞ்சே வாங்கவில்லை.

குஞ்சுக்கு 2 வாட்ஸ் என்பது பொதுவான கணக்கு. ஐம்பது குஞ்சுக்கு 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று போதும். ஆனால், நான் ஒன்றுக்குப் பதில் 60 வாட்ஸில் இரண்டாகப் போடுவதையே சொல்வேன். நடு ராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். இரண்டும் நாள் முழுக்க எரிந்தால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வெயில் காலத்தில் பகலில் அணைத்து விடலாம் என்பதால், 'பில் ஏறிடும்' என்று பயப்படுகிற அளவு இல்லை.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரம் 5 டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சையே பாருங்கள். பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். தகரத் தடுப்போரம் ஒதுங்கி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்து, படுத்துத் தூங்கினால் சரி. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் பல்பை ஏற்றி இறக்கினால் போதும்.

தீ விஷயத்துக்கு வருகிறேன். பிளக் வாங்கச் சோம்பல்பட்டு, ஒயர் முனையைச் சீவி, சாக்கெட்டில் தீக்குச்சி சொருகி நிறுத்துகிற வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! பல்பையும் அந்த ஒயரிலேயே தொங்க விடுகின்றனர். கீழே உமி, அதன் மேல் பழைய பேப்பர், மேலே ஓலைக் கூரை. பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் இளகி பல்பு விழுந்தால் என்ன ஆகும்? பீங்கான் ஹோல்டர் போட்டு, பல்பைச் சுற்றிக் கம்பிக்கூடு மாட்டி, தனிச் சங்கிலியில் கட்டித் தொங்க விட வேண்டும். ஒயர் கரண்டைத்தான் சுமக்க வேண்டும், பாரத்தை அல்ல. கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற டிரிப்பர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் வைக்கிற ஈரக்கையோடு அங்கே போவது நாமும் குழந்தைகளும்தானே!

சிவப்பாக எரியும் 250 வாட்ஸ் இன்ஃப்ராரெட் பல்பைச் சிலர் சிபாரிசு செய்கின்றனர். ஐம்பது குஞ்சுக்கு, நம் ஊர் வெயிலுக்கு, அது அதிகம். எரியும்போது தண்ணீர் தெறித்தால் கண்ணாடி வெடித்து விடும்.

கரண்ட் போனால்? மண்சட்டியில் கரி நெருப்பு வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். காற்றோட்டமான கொட்டகையில், மேலே வலை மூடி, ஆள் பக்கத்தில் இருந்தால் சரி. கதவைச் சாத்திய அறையில் வைத்தால் கரிப்புகை குஞ்சை மட்டுமல்ல, மனுஷரையும் கொன்றுவிடும். சிம்னி விளக்கு வேண்டவே வேண்டாம். தட்டிவிட ஒரு பூனை போதும். இரண்டு மணி நேரம்தான் கரண்ட் கட் என்றால், பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றி நடுவில் வைத்தாலே தாங்கும்.

பூனைக்குப் பயந்து குஞ்சுப் பெட்டியைச் சமையலறை மூலையில் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நான்-ஸ்டிக் தவா வெறுமனே காய்ந்து புகைந்தால், அந்தப் புகை பறவைகளுக்கு விஷம். நமக்கு மூக்கில் கூட ஏறாது. குஞ்சு செத்து விழும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீரும் தீவனமும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ராத்திரியும் வேண்டும். அதற்குப் பிறகும் வெள்ளை வெளிச்சம் பளீரென்று எரிந்தால் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் காட்டும். சிவப்பு பல்பு போட்டால் கொத்துவது குறையும்.

பத்துப் பன்னிரண்டு குஞ்சு மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த வம்பே வேண்டாம். ஓர் அடைக்கோழி போதும். 21 நாள் அடைகாத்து, பிறகு தன் சிறகுக்குள்ளேயே வைத்துக் கொள்ளும். கரண்ட் பில்லும் கிடையாது, ஃபியூஸும் போகாது.

குஞ்சு விற்பவர்கள் பெட்டியோடு ஒரு துண்டுச் சீட்டில், 'குண்டு பல்பு, இத்தனை வாட்ஸ், இத்தனை உயரம், பீங்கான் ஹோல்டர்' என்று அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்து விடும்? கால்நடை மருந்தகப் பலகையிலும் எழுதிப் போடலாம். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது, சீட்டு கேட்டு வாங்குங்கள் தோழிகளே. தரவில்லை என்றால், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பே அவர் வாயாலேயே சொல்ல வைத்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

- ஓர் இல்லத்தரசி, தாராபுரம்.