கோடை விடுமுறை யாருக்கு?

தேர்வு முடிந்த மறுநாளே சிதறால் சுற்றுவட்டாரத்தில் நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். முந்திரி ஆலை, செங்கல் சூளை, கொத்தனாருக்குக் கையாள். அடுத்த பருவக் கட்டணம் அந்த இரண்டு மாதக் கூலியில்தான் இருக்கிறது. அதே இரண்டு மாதத்தில் வேறு வீட்டுப் பிள்ளைகள் விஞ்ஞானிகளின் பக்கத்தில் நின்று, காட்டை அளக்கவும் கணக்கெடுக்கவும் பழகுகிறார்கள்.

இது காசு கட்டிச் சேரும் பயிற்சி அல்ல. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி, வேறு இரு தேசிய அகாதமிகளுடன் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆய்வுத் திட்டம் நடத்துகிறது. தேர்வாகும் மாணவருக்கு உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. ஆனால் விண்ணப்பம் கேட்பது முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில். நம் பிள்ளையின் காதுக்குச் செய்தி எட்டுவது ஏப்ரலில், அதுவும் எட்டினால். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். முன்வரிசைப் பிள்ளைகளின் பெயர்தான் ஆசிரியருக்கு நினைவிருக்கும். பின்வரிசைக்கு நம்மை அனுப்பியது யார் என்பது தனிக் கதை.

சிதறால் திருவிதாங்கூரில் இருந்த நாளில் அய்யன்காளி பள்ளிக்கூட வாசலுக்காகப் போராடினார். இன்று ஆய்வுக்கூட வாசலில் நிற்கிறோம்.

காட்டறிவு நம் பக்கத்து மக்களிடம் இல்லாமலா? 1987ல் அகத்தியமலையில் ஆய்வாளர்கள் களைத்து நின்றபோது, வழிகாட்டிச் சென்ற காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியபச்சை. கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்காவில் அதைக்கொண்டு ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கினார்கள். உரிமத்தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997ல் அறக்கட்டளையும் அமைந்தது. நல்ல முன்மாதிரி, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதையில் காணிகள் வழிகாட்டிகள். ஆய்வாளர்கள் வேறு ஆட்கள்.

ஆய்வு ஆங்கிலக் கட்டுரையோடு நின்றால் பேச்சிப்பாறைக்கு என்ன பயன்? யானை ஏன் ரப்பர் தோட்டத்துக்குள் இறங்குகிறது என்பதை அந்த ஊர்ப் பிள்ளையே படித்துவந்து நம் பேச்சில் சொன்னால், பாட்டிகூட எதிர்க்கேள்வி கேட்பாள். அறிவியலுக்கு அந்தக் கேள்வியும் தேவை.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் அக்டோபரிலேயே இந்த அறிவிப்பை ஒட்ட வேண்டும். விண்ணப்பம் எழுத ஒரு மாலை உடனிருக்கும் ஆசிரியர் வேண்டும். உதவித்தொகை கைக்கு வரும்வரை வீட்டுச் செலவுக்கு மாவட்ட நிர்வாகம் முன்பணம் தர வேண்டும். கூலியை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு அது சலுகை அல்ல. மாணவர்களே, அக்டோபர் பிறந்ததும் உங்கள் துறைத்தலைவரிடம் நேரே போய்க் கேளுங்கள்.