உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சாட்சிக்கு அழைப்போருக்கு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், ஊர்ச் சபையின் வாரியங்கள் என்னும் குழுக்களுக்குக் குடத்தில் பெயர் ஓலையிட்டு ஆளெடுக்கும் விதிகளைச் சொல்லும் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்றும் 14ஆம் ஆட்சியாண்டில் மற்றொன்றுமாக, 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. கல்வெட்டு அறிஞர் வெங்கையா 1904-05 தொல்லியல் ஆண்டறிக்கையில் எழுதிய நாள்முதல் வரலாற்றாசிரியர்கள் அவற்றைப் பொறுமையாகப் படித்துவந்தார்கள். இப்போது அவை வெளியுறவுக் கொள்கையின் கருவியாகிவிட்டன. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நரேந்திர மோடி இவ்வூரின் பெயரைச் சொன்னார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் இந்தியாவை ‘ஜனநாயகத்தின் தாய்’ என்றார். 2022 அரசியலமைப்பு நாளில் அந்தத் தலைப்பிலேயே பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவுகள் நடந்தன. 2023இல் டெல்லியில் கூடிய ஜி-20 தலைவர்களுக்கு அதே பெயரில் ஒரு கண்காட்சியும் காட்டப்பட்டது.

இந்தப் பேச்சு டெல்லியோடு நிற்கவில்லை. கட்சி வேறுபாடில்லாமல் தமிழ்நாட்டு மேடைகளிலும் கேட்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்தியவர்கள் நாம், உலகுக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம், ஆகவே இந்த மண்ணில் எதேச்சாதிகாரம் வேர்பிடிக்காது, அதைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்கள் நமக்கு மதிப்பெண் போடத் தேவையில்லை என்கிறார்கள். இந்த வாதத்தின் ஒவ்வொரு படியும் தவறு. கல்வெட்டின் மீது மதிப்பு இருப்பதால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், ‘உலகிலேயே முதல்’ என்பது. இதை நெடுநேரம் வாதிட வேண்டியதில்லை. கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரம் பொது ஆண்டுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஐந்நூறு பேர் கொண்ட அவையைக் குலுக்கல் முறையில் அமைத்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, ஏறக்குறைய 800ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சபையில் அமர யாருக்குத் தகுதி உண்டு என்று விதிக்கிறது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் உவமையாகவே வந்துவிடுகிறது. அரசியல் அறிஞர் டேவிட் ஸ்டாசவேஜ் 2020இல் வெளியிட்ட நூலில், கலந்துபேசி ஆளும் முறை ஏதோ ஓரிடத்தில் பிறந்து மற்ற இடங்களுக்குப் பரவியது அல்ல என்று காட்டுகிறார். மெக்சிகோவின் திலாக்ஸ்காலாவிலும், வட அமெரிக்காவின் ஹூரான் மக்களிடமும், பழைய மெசொபொத்தேமியாவிலும் அது தனித்தனியே இருந்தது. மன்னனால் யாரிடம் என்ன விளைகிறது என்று அறிய முடியாத இடங்களில், ஊராரைக் கூட்டிக் கேட்பதைத் தவிர அவனுக்கு வழியில்லை. பல தாய்கள் உள்ள ஒன்றுக்கு ஒரே தாயாக உரிமை கொண்டாடுவது ஆராய்ச்சி ஆகாது.

இரண்டாவது, அது மக்கள் வாக்களித்த தேர்தல் என்பது. கல்வெட்டையே பார்ப்போம். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர். அதன் 30 குடும்புகளிலிருந்தும், அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்தும், பெயர்கள் வர வேண்டும். பெயர் எழுதப்படுகிறவருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். கல்வி மிகுதியாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். அந்த வயல்களில் நாற்று நட்டவருக்கும், ஏரியில் தூர் வாரியவருக்கும், எந்தச் சாதிப் பெண்ணுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. அடுத்த நூற்றாண்டில் ராஜராஜன் தஞ்சையில் வெட்டிய கல்வெட்டுகளில் ‘தீண்டாச்சேரி’ என்ற பெயரே இருக்கிறது. அதே சோழ அரசு, அதே நிர்வாகம். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து உலகத்துக்குக் காட்டுவது நேர்மையில்லை.

வாக்கெடுப்பும் அங்கே நடக்கவில்லை. நடந்தது குடவோலை எனப்படும் குலுக்கல். ஊர்ச் சபை இளையோரும் முதியோருமாகக் கூடும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். பிறகு அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதை வாசிப்பார்கள். கையில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது, வாசிப்பவர் பெயரை மாற்றிச் சொல்லக் கூடாது என்ற கவலை ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. நான் வியப்பது இந்தக் கவலையைத்தான். குலுக்கல் என்பதால் அது தாழ்ந்ததும் அல்ல. பதவியைக் குலுக்கலில் தருவது மக்களாட்சிக்கு உரியது, தேர்தலில் தருவது சிலராட்சிக்கு உரியது என்றே அரிஸ்டாட்டில் கருதினார். அயர்லாந்தில் குலுக்கலில் பொறுக்கிய 99 குடிமக்கள் கூடிப் பேசி அளித்த பரிந்துரை, கருக்கலைப்பு பற்றிய 2018 பொதுவாக்கெடுப்புக்கு வழி திறந்தது. உத்திரமேரூரை இந்த வரிசையில் வைத்துப் படித்தால் பயனுண்டு. இன்றைய வாக்குச்சீட்டுக்கு முன்னோடி என்று சொன்னால் அதன் தனித்தன்மையே போய்விடுகிறது.

இதன் மறுபக்கமாக, ‘அது வெறும் பிராமண சபை, பேச என்ன இருக்கிறது’ என்று தள்ளிவிடுவோரும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. யார் உள்ளே வரலாம் என்பதில் அந்தச் சபை குறுகியது. உள்ளே வந்தவரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதில் அது இன்றைய நம் அமைப்புகள் பலவற்றைவிடக் கண்டிப்பானது. இரண்டும் உண்மை.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஊர்தோறும் சபையும் தேர்வும் இருந்தால் மேலே எதேச்சாதிகாரம் இருக்க முடியாது என்று இதைக் கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். கல்வெட்டே இதை மறுக்கிறது. இந்த விதிகள் மன்னனின் ஆணை வந்த பிறகு, அவனுடைய அதிகாரி அருகிருக்க, சபையார் செய்த ஏற்பாடு. 919இல் தத்தனூர் மூவேந்தவேளான் வந்திருந்தார். 921இல் சோழநாட்டிலிருந்து சோமாசிபெருமான் வந்தார். வாரியத்தில் இருப்பவருக்கு 360 நாள்தான் பதவி என்று விதித்த காலத்தில், பராந்தகன் 907 முதல் சுமார் 48 ஆண்டுகள் ஆண்டான். அவனுக்கு எந்தக் குடத்திலும் ஓலை போடப்படவில்லை.

கடந்த கால் நூற்றாண்டில் எதேச்சாதிகாரத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். தேர்தலும் சபையும் சர்வாதிகாரிகளுக்கு எதிரி என்ற பழைய எண்ணத்தை அவர்கள் கைவிட்டார்கள். ஸ்டீவன் லெவிட்ஸ்கியும் லூக்கன் வேயும் 2002இல் ‘போட்டி எதேச்சாதிகாரம்’ என்று ஒரு வகையையே வரையறுத்தார்கள்: தேர்தல் உண்மையாகவே நடக்கும், எதிர்க்கட்சியும் நிற்கும், ஆனால் களம் ஆள்வோர் பக்கமே சாய்ந்திருக்கும். சர்வாதிகாரிகள் சட்டமன்றத்தையும் கட்சிகளையும் ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஜெனிஃபர் காந்தி 2008இல் ஒரு நூல் எழுதினார். நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது 2022இல் அமெரிக்கப் பொருளியல் இதழில் வந்த சீனக் கிராமத் தேர்தல்கள் பற்றிய ஆய்வு. மோனிகா மார்ட்டினெஸ்-பிராவோ, நான்சி சியன் உள்ளிட்ட நால்வர் எழுதியது. 1980களில் பெய்ஜிங்குக்குக் கிராம அதிகாரிகளைக் கண்காணிக்கும் வலு இல்லை. ஆகவே அவர்களைக் கண்காணிக்கும் வேலையைத் தேர்தல் மூலம் ஊராரிடமே விட்டது. பின்னர் அரசு இயந்திரம் வலுத்தது. கிராமத் தேர்தலின் உயிர் மெல்ல எடுக்கப்பட்டது. சபையைக் கூட்டியதும் அரசின் தேவை, ஒடுக்கியதும் அரசின் தேவை. பராந்தகன் மனத்தில் இதே கணக்கு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஊர்ச்சபை இருந்ததாலேயே மேலே இருந்தது மக்களாட்சி என்று முடிவுகட்ட இயலாது என்பதே என் வாதம்.

நம் அண்டை நாடுகளிலேயே சான்று உண்டு. பாகிஸ்தானில் அயூப் கான் 1959இல் ‘அடிப்படை ஜனநாயகம்’ என்ற பெயரில் 80,000 உள்ளூர்ப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வைத்தார். 1960 பிப்ரவரியில் அவர்களையே வாக்களிக்க வைத்து, 95 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவுடன் தம்மைக் குடியரசுத் தலைவராக உறுதிப்படுத்திக்கொண்டார். நேபாளத்தில் மன்னர் மகேந்திரர், தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி. கொய்ராலா அரசை 1960 டிசம்பரில் கலைத்தார். கட்சிகளுக்குத் தடை போட்டார். அதற்குப் பதிலாக, தம் நாட்டு மண்ணுக்கு ஏற்றது என்று சொல்லிப் பஞ்சாயத்து முறையைக் கொண்டுவந்தார். அது 1990 வரை நீடித்தது. இந்தோனேசியாவின் சுகர்னோவும் கிராமத்துக் கலந்தாய்வு மரபைக் காட்டித்தான் ‘வழிநடத்தப்பட்ட ஜனநாயகம்’ நடத்தினார். கிராம மரபைப் புகழ்ந்தபடியே மேலிருந்து மக்களாட்சியைப் பறித்த வரலாறு இது. அதைத் தெரிந்தவர் எவரும் ‘எங்கள் மண்ணில் வேர்பிடிக்காது’ என்று நிம்மதியாக இருக்க மாட்டார். நம் மண்ணிலேயே 1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை சென்றார்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. உத்திரமேரூர்க் கல்வெட்டு அன்றும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

நான்காவது, வெளிநாட்டு மதிப்பீடுகள் பற்றியது. சுவீடனின் வி-டெம் நிறுவனம் 2021 அறிக்கையில் இந்தியாவைத் ‘தேர்தல்வழி எதேச்சாதிகாரம்’ என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் ‘சுதந்திர நாடு’ என்பதிலிருந்து ‘ஓரளவு சுதந்திர நாடு’ என்று இறக்கியது. இவற்றை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. நிபுணர்களின் மனப்பதிவை நம்பி எண் கொடுப்பதில் உள்ள சிக்கலை ஆண்ட்ரூ லிட்டில், ஆன் மெங் இருவரும் 2024இல் எழுப்பினார்கள். ஆள்வோர் தேர்தலில் தோற்கிறார்களா என்பது போன்ற நேரடி அளவுகளில், உலகளாவிய பின்னடைவு அவ்வளவாகத் தெரியவில்லை என்றார்கள். வி-டெம் தரப்பு பதில் எழுதியது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. மதிப்பீட்டை மறுக்க விரும்புவோருக்கு வழி இதுதான்: அளவுகோலைக் கேள்வி கேளுங்கள், தரவைக் காட்டுங்கள். பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு 2021இன் பத்திரிகைச் சுதந்திரத்துக்குச் சாட்சி சொல்லாது. அந்த வழியில் போனால், ‘எங்கள் நாகரிகத்துக்கு என்று ஒரு ஜனநாயகம் உண்டு’ என்று சொல்லும் எல்லா அரசுகளோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும். 2021 டிசம்பரில், அமெரிக்கா கூட்டிய ஜனநாயக மாநாட்டுக்குச் சில நாள் முன்னர், தன் ஆட்சியும் ஜனநாயகமே என்று சீனா ஒரு வெள்ளை அறிக்கையே வெளியிட்டது.

இந்தக் கல்வெட்டை உயர்ந்த நோக்கத்தோடு நினைவுகூர்ந்தவர்களும் உண்டு. 1948 நவம்பரில், கிராமப் பஞ்சாயத்துகளை அரசியலமைப்பில் சேர்க்கும் விவாதத்தில், டி. பிரகாசம் உத்திரமேரூர்க் குடத்தையும் ஓலையையும் அரசியல் நிர்ணய சபையில் விவரித்தார். அதே மாதத்தில்தான், கிராமம் குறுகிய மனத்தின், வகுப்புவாதத்தின் கூடாரம் என்று அம்பேத்கர் சாடியிருந்தார். ஓராண்டு கழித்து, 1949 நவம்பர் 25 அன்று, பழைய இந்தியாவில் குடியரசுகளும் பௌத்த சங்க விதிமுறைகளும் இருந்ததை அம்பேத்கரே எடுத்துச்சொன்னார். இருந்ததை இழந்தோம், மறுபடியும் இழப்போமா என்ற அச்சத்தோடு சொன்னார். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் போய் முடியும் என்ற எச்சரிக்கையும் அதே உரையில்தான் வந்தது. பழம்பெருமையை அவர் அச்சத்தோடு கையாண்டார். இன்று அது அச்சத்தைப் போக்கும் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது.

கல்வெட்டின் உயிரான பகுதியை இந்தப் பெருமைப் பேச்சு தொடுவதே இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் எப்போதும் வரக் கூடாது. அவர் மட்டுமா? அவருடைய தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று உறவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவரும் கள்ள ஆவணம் எழுதியவரும் வெளியே. 2018இல் சீனா தலைவரின் பதவிக்கால வரம்பை நீக்கியதையும் 2020இல் ரஷ்யா அதைத் தளர்த்தியதையும் அறிந்தவருக்கு, இந்த மூன்றாண்டு விதியின் அருமை புரியும். கணக்குக் கொடுக்காதவரின் பேரும் உறவும் ஓலைக்கு வரக் கூடாது என்ற விதியை இன்று எந்தக் கட்சி தன் வேட்பாளர் பட்டியலுக்கு ஏற்கும்?

உள்ளூர் நிலவரத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். உத்திரமேரூர் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில். குடவோலையின் ஊரில் ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். மற்ற 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் 2025 ஜனவரி 5 அன்று காலாவதியாகி, மறுபடியும் தனி அலுவலர்களிடம் போயின. இதே மாவட்டத்தின் ஏகனாபுரம் கிராம சபை, பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2022 முதல் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானங்கள் நிலமெடுப்பை நிறுத்தவில்லை. மதுரைப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பின் 1996 முதல் 2006 வரை தேர்தல் முறையாக நடக்க ஆதிக்க சாதியினர் விடவில்லை. ஒதுக்கீட்டில் வென்று மேலவளவுத் தலைவரான முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார்.

2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. உத்திரமேரூரின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தலைவரிடமும், அவர் எந்தக் கட்சியானாலும், மாவட்டத்து மக்கள் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: அந்தத் தேர்தலுக்கு ஒரு நாள் தவறாத தேதி, கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டபூர்வமான வலு, முந்தைய ஐந்தாண்டின் கணக்கு.