பிரண்டாவுக்குப் போவதற்குப் பொய் எதற்கு?

யாழ்ப்பாணத்தில் வீசா முகவரின் பெயர்ப்பலகை இல்லாத கடைத்தெரு இன்று அரிது. மாணவர் வீசா, வேலை வீசா ஆகியவற்றைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை. அவற்றின் சங்கதி தனி. வெளிநாட்டில் வாழும் பிள்ளையை ஆறு கிழமை பார்த்துவிட்டு வருவதற்காகப் பெற்றோர் கேட்கும் சாதாரண வருகை வீசாவைப் பற்றியே எழுதுகிறேன். இதற்கும் முகவர் வேண்டும், முகவர் சொல்லும் பொய்களும் வேண்டும் என்று நம்மவர்கள் நம்பத் தலைப்பட்டுவிட்டார்கள். இந்த நம்பிக்கை மூடத்தனமானது என்பதே என் கட்சி.

வலிகாமத்தில் எனக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பம். தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூத்த மகள் டென்மார்க்கில், யூட்லாந்தின் நடுவே உள்ள பிரண்டா என்ற சிறு நகரத்தில் இருக்கிறார். பேர்த்தியின் சாமத்திய வீட்டுக்கு ஐந்து பேர் புறப்படுவதாகத் திட்டம்: ஆசிரியர், அவர் மனைவி, அரசாங்க எழுதுவினைஞராக உள்ள மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன். முகவர் மூன்று யோசனைகள் சொன்னாராம். வட்டிக்குப் பணம் வாங்கி இரண்டு மாதம் வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ஆசிரியர் ஒரு வர்த்தக நிலையத்தின் முகாமையாளர் என்று கடிதம் எடுக்க வேண்டும். பேரனை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பிள்ளை பிணையாக நின்றால்தான் பெற்றோர் திரும்பி வருவார்கள் என்று வெள்ளைக்காரன் நம்புவானாம்.

மூன்றாவது யோசனையைக் கேட்டபோதுதான் எனக்கு இரத்தம் கொதித்தது. எட்டு வயதுப் பிள்ளையை அடகுப் பொருளாக்கும் யோசனைக்கு நாம் காசு கொடுக்கிறோம்.

முதலிரண்டு யோசனைகளும் முட்டாள்தனமானவை. மாதந்தோறும் தவறாமல் ஓய்வூதியம் வருகின்ற கணக்கு ஒரு நேர்மையான சாட்சி. அதிலே திடீரென்று இருபது இலட்சம் வந்து விழுந்தால், கணக்குப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் முதலில் எழுவது ஐயமே. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற உண்மை, முகாமையாளர் என்ற பொய்யைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு பலமுள்ளது. பிடிபட்டால் வரும் கேடு வேறு. செங்கன் நாடுகளின் வீசாத் தகவல் தொகுப்பில் விண்ணப்பமும் விரல் அடையாளமும் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். டென்மார்க்கில் சொன்ன பொய் ஜெர்மனியிலும் பிரான்சிலும் தெரியும்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் பொய்ப் பாஸ்போட்டில்தானே போனார்கள்?" என்று கேட்பார்கள். போனார்கள். 1983 ஜூலைக்குப் பின் உயிரைக் காப்பாற்ற ஓடியவன் எந்தத் தாளைக் காட்டினான் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் சாமத்திய வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த நியாயம் இல்லை. அகதியின் அவசரத்தை மூலதனமாக வைத்து விருந்தாளியிடம் வியாபாரம் செய்கிறார்கள் முகவர்கள்.

டென்மார்க் அரசும் இதிலே சுத்தவாளி அல்ல. குடும்பத்தைக் காண விரும்பும் தமிழனை ஐயத்துடன் நோக்குவது அங்கே புதிதன்று. 1987 செப்டெம்பரில் அந்நாட்டு நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி மக்களை அழைக்கும் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி பணித்தார். சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. இந்திய - இலங்கை ஒப்பந்தம் வந்துவிட்டது, இனிச் சமாதானம், குடும்பங்கள் அங்கே போய்ச் சேரலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. ஒக்டோபர் 21ஆந் திகதி யாழ். ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளரும் வைத்தியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் யூட்லாந்தில் இருந்த கணவன்மார் தபாற்காரனைப் பார்த்துக் காத்திருந்தனர்.

பிறகு நடந்ததை நம்மிலே பலர் மறந்துவிட்டார்கள். டென்மார்க்கின் ஒம்புட்ஸ்மன் விசாரித்து 1989 மார்ச்சில் கண்டன அறிக்கை கொடுத்தார். அடுத்த மாதம் பிரதமர் போல் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் எழுந்து, எதையும் கம்பளத்துக்கு அடியில் கூட்டி மறைக்கவில்லை என்றார். நீதியரசர் மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது. சுமார் ஆறாயிரம் பக்கம். பிரதமர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டேனிய மொழியில் 'தமிழ் வழக்கு' என்றே இதற்குப் பெயர். அமைச்சர் ஒருவரின் தவறு வெளிச்சத்துக்கு வந்தது முகவரின் தந்திரத்தாலன்று; உண்மையான கோவைகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதப்பட்ட முறைப்பாடுகளாலும் விசாரணைகளாலும்தான்.

இன்றைய ஐயம் நாகரிகமான படிவத்தில் வருகிறது. நீங்கள் திரும்பிச் செல்வீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு என்று ஒரு கட்டத்தில் அடையாளமிட்டு மறுத்துவிடுவார்கள். கொழும்பில் டென்மார்க்குக்கெனத் தூதரகம் இல்லை. தீர்மானிப்பவர் ஆசிரியரின் முகத்தைக் காணப்போவதில்லை, தாள்களையே காண்பார். ஊர்க் கோயிலில் மூன்று தலைமுறையாக வரும் உபயம், தாயாரின் ஆட்டைத் திவசம், அடைப்பு அடைத்து வைத்திருக்கும் வளவு ஆகியவற்றுக்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது. இது அநியாயம். அநியாயத்துக்கு மருந்து அவற்றை எழுதிக் காட்டுவது. கோயில் தர்மகர்த்தாவிடம் உபயத் திகதியைக் குறித்துக் கடிதம் வாங்குங்கள். காணி உறுதியையும் ஓய்வூதியச் சான்றையும் ஆங்கிலத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பெயர்த்து இணையுங்கள். மகனுக்கு அரசாங்கம் வழங்கும் வெளிநாட்டு லீவு அனுமதியே திரும்பி வருவதற்கான நல்ல சான்று. அது கையில் கிடைக்க நாளாகும், முதலில் அதற்கு எழுத வேண்டும்.

பெயர் விவகாரத்தை நம்மவர் கவனிப்பதேயில்லை. மகளின் டேனியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகக் கணவர் பெயர்; தாயின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர்; மகனுக்கோ ஆசிரியரின் பெயர். டேனிய அதிகாரிக்கு இவர்கள் ஒருவருக்கொருவர் யாரோ. மகளின் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் இணைத்து, யார் யாருக்கு என்ன முறை என்று அரைப் பக்கத்தில் எழுதினால் தீர்ந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ அலைய வேண்டிய நிலையும் இல்லை. 2025 செப்டெம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்தாயிற்று.

கணக்கு இவ்வளவுதான்: பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைக்கு 45. இந்த ஐவருக்கும் 405 யூரோவும் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணமும். மறுத்தாலும் திரும்பக் கிடையாது. ஒவ்வொருவருக்கும் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வீசா கைக்கு வரும்வரை பதிவு மட்டும் போதும், விமானச் சீட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அங்கிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அழைப்புக் கடிதத்தோடு கடமை முடிந்துவிடுவதில்லை. சம்பளச் சீட்டு, வீட்டில் ஐவர் தங்க இடமிருப்பதற்கான சான்று, செலவை ஏற்கும் உறுதிமொழி எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள், டேனிய மொழி உங்களுக்குத்தானே தெரியும். பெற்றோரை மார்கழிக் குளிரில் குழந்தை பார்க்க அழைக்காதீர்கள். நாலு மணிக்கு முன்பே இருட்டும் ஊரில், வாசலைத் தாண்ட முடியாமல் கிழவி என்ன செய்வாள்? ஜூன் கடைசியில் பள்ளிகள் மூடும், ஆறு கிழமை விடுமுறை. பேரன் பில்லுண்டில் லெகோலாந்தைப் பார்க்கலாம், காரில் அரை மணித்தியாலம். பெரியவர்கள் பிரண்டா அபிராமி கோயிலுக்கும் ஹேர்னிங் பிள்ளையார் கோயிலுக்கும் போகலாம். கொப்பன்ஹேகனில் இறங்கினால் ரயிலில் வைல வரை சென்று, ஹேர்னிங் போகும் வண்டியில் மாறினால் பிரண்டாவிலேயே இறங்கலாம்.

ஆசிரியர் முகவரிடம் கொடுத்த முற்பணத்தை விட்டுவிட்டார். இம்முறை ஐந்து பேருக்கும் சேர்த்தே விண்ணப்பம் எழுதுகிறார், பேரனின் பெயரோடு. மறுத்தால் காரணம் எழுத்தில் வரும், மேன்முறையீட்டுக்கான வழியும் காலமும் அதே தாளில் இருக்கும். அந்த மேன்முறையீட்டை எழுத நானும் உட்காருவேன். கிடைத்தால் ஜூன் இறுதியில் பயணம், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் ஊர் திரும்புவதாக ஏற்பாடு.