புகை தீட்டிய செவ்வானம்

மலை உச்சி. மாலை நேரம். சூரியன் மறையப்போகிறது. வானம் செக்கச்செவேல் என்று ஜொலிக்கிறது. "அடடா, என்ன அழகு!" என்று எல்லோரும் காமிராவைத் தூக்குகிறார்கள்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? எங்கோ காடு எரிகிறது. அந்தப் புகைதான் வானத்துக்குச் சாயம் பூசியிருக்கிறது!

சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. புகையில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதக்கின்றன. அவை நீல நிறத்தைச் சிதறடித்துவிடுகின்றன. சிவப்பும் ஆரஞ்சும் தப்பி வந்து கண்ணில் படுகின்றன. மாலையில் ஒளி அதிக தூரம் காற்றில் வருவதால் சிவப்பு இன்னும் கூடுகிறது. புகை மிதமிஞ்சிப் போனாலோ அதுவும் இல்லை. சூரியன் பழைய செப்புக்காசு போலத் தொங்கும். மலை இருந்த இடமே தெரியாது.

2020-ம் ஆண்டு அமெரிக்காவின் ராக்கி மலையில், கொலராடோ மாநிலத்தில், கேமரான் சிகரம் அருகே தீப்பிடித்தது. ஆகஸ்டு 13-ந்தேதி பிடித்த தீ, டிசம்பர் 2-ந்தேதிதான் முழுவதும் கட்டுக்குள் வந்தது. 2 லட்சத்து 8 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த மாநிலம் அதுவரை அவ்வளவு பெரிய தீயைக் கண்டதில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரில் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மக்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். படத்திலோ வானம் சாம்பல் நிறம்! கண் கண்டதைக் காமிரா மறுத்தது.

காரணம் இதுதான். வெள்ளைத் துணி எந்த விளக்கிலும் வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று காமிரா தானாகக் கணக்குப் போடுகிறது. ஆரஞ்சு நிறத்தைக் கண்டதும், "இது தவறு" என்று குறைத்துவிடுகிறது. இதற்குப் பரிகாரம் உண்டு. நிறக் கணக்கைக் காமிராவிடம் விடாமல், "வெயில்" என்ற அளவில் நிறுத்திவிட வேண்டும். வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவந்த சூரியன் வெளிறிய வட்டமாகிவிடும்.

எடுத்த படத்தை அப்புறம் திருத்துகிறார்கள். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. சிலர் சிவப்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பச்சை மரம்கூடக் குங்குமம் பூசிக்கொள்கிறது. வேறு சிலர் மூட்டத்தை நீக்கும் வசதியைப் பயன்படுத்துகிறார்கள். மலை பளிச்சென்று தெரிகிறது. புகையைப் படம் எடுக்கப் போனவர், புகையையே துடைத்துவிட்டார்!

திருத்துவதே குற்றம் என்பதில்லை. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1927-ல் யோசெமிட்டி மலைப்பாறையைச் சிவப்புக் கண்ணாடி வைத்து எடுத்தார். பகல் வானம் கறுத்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை. எப்படி எடுத்தேன் என்று தாமே சொன்னார்.

புகை வானத்தின் படம் வெறும் அழகுப்படம் அல்ல. வீட்டையும் காட்டையும் இழந்தவர்களின் சாட்சி அது. பத்துப் படங்களில் பொய்ச் சிவப்பு ஏறினால், பதினோராவது உண்மைப் படத்தையும், "இதுவும் புளுகு" என்று ஜனங்கள் தள்ளிவிடுவார்கள். நிறத்தைக் கண்ணால் கண்ட அளவோடு நிறுத்தட்டும். படத்தின் கீழே இடம், தேதி, நேரம் எழுதட்டும். "காட்டுத்தீப் புகை" என்ற இரண்டு சொல்லையும் சேர்க்கட்டும். இதற்குக் காசு செலவில்லை.

படத்துக்காகத் தீயை நெருங்குவது அதைவிடப் பெரிய தவறு. புகை நுரையீரலைக் கெடுக்கும். பறக்கும் காமிராவோ பிறர் உயிருக்கே உலை வைக்கும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே மலைக்காடு எரிந்தது. தண்ணீரை அள்ளி வந்து கொட்டும் விமானத்தைக் கனடா அனுப்பியிருந்தது. சேதத்தைப் பார்க்க ஒருவர் பறக்கவிட்ட சிறு டிரோன் அதன் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. விமானம் தரையில் நின்றுவிட்டது. மலையில் தீ எரிந்துகொண்டே இருந்தது.